அம்மா, கயிற்றை விடு!

2025ஆம் வருடப் பொங்கலுக்குத் திருவாரூரில் புகுந்த வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் உட்கார்ந்து கரும்பு நறுக்கிக்கொண்டிருந்தபோது, என் பெரிய நாத்தனார் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, உள்ளங்கையெல்லாம் இப்படிக் காய்ச்சுப் போயிருக்கு? அந்த ஊர்ல கிணத்துத் தண்ணியா இறைக்கிறே?"

"இல்லேக்கா, பாய்மரப் படகு ஓட்டறேன். போட்டிக்கெல்லாம் போறேன்."

ஒரு நிமிஷம் கூடமே அமைதியாகிவிட்டது. அப்புறம் எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள் பாருங்கள், அந்தச் சிரிப்பில் அடுப்பில் வைத்த பாலைக்கூட மறந்துவிட்டார்கள்! அவர்கள் சிரித்ததில் தப்பே இல்லை. 48 வயது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிற உடம்பு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவாள் என்று பெயர் வாங்கியவள். நான் படகுப் போட்டிக்குப் போகிறேன் என்றால் யார்தான் நம்புவார்கள்?

எப்படி நடந்தது இது என்று நாத்தனாரிடம் அன்று சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன்.

கணுக்கால் வரைதான் கடல்

நான் பிறந்து வளர்ந்தது நாகப்பட்டினம். கடற்கரை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். விடியற்காலையில் கட்டுமரங்கள் கரையேறுவதை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். ஆனால் எனக்குத் தெரிந்த கடல் கணுக்கால் வரைதான். அதற்கு மேல் ஒரு விரற்கடை நனைந்தாலும் பாட்டியிடம் வசவு விழும். "பொட்டப் புள்ளைக்குத் தண்ணில என்ன வேலை?" என்பார். 2004ஆம் வருடம் டிசம்பர் 26க்குப் பிறகு எங்கள் வீட்டில் கடலைப் பற்றிப் பேசுவதே நின்றுபோயிற்று. எங்கள் தெருவில் யார் யார் வீட்டில் என்ன நடந்தது என்பதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

2009ல் என் கணவருக்கு வேலை கிடைத்து ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குப் போனோம். ஊருக்கு நடுவே ஸ்வான் நதி. நதி என்றால் நம் ஊர் ஆறு மாதிரி நினைக்காதீர்கள். சில இடங்களில் ஏரி போல அகன்று, எதிர்க்கரை மரமெல்லாம் சின்னச் சின்னப் புள்ளியாகத் தெரியும். கறுப்பு அன்னங்கள் மிதக்கும். 13 வருடம் அதன் கரையில் நடந்தேனே தவிர, விரல் நுனியைக்கூட நனைத்ததில்லை.

2022ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. டாக்டர் என் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "உடம்பை அசைக்கணும், இல்லாட்டி மாத்திரைதான்" என்றார். இன்னொன்று, என் பெண். அவளுக்கு அப்போது 16 வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அறைக் கதவு சாத்திக்கொள்ளும். காதில் ஒரு கருவி. "சாப்டியா?" என்றால் "ம்." "பரீட்சை எப்படி?" என்றால் "ம்." நானும் விடுவேனா? கதவைத் தட்டித் தட்டிக் கேட்பேன். நான் தட்டத் தட்ட அவள் இன்னும் இறுக்கிச் சாத்திக்கொண்டாள்.

ஒருநாள் அவளாகவே வெளியே வந்து, "அம்மா, நதியில படகு ஓட்டக் கத்துத் தராங்களாம். ரெண்டு ரெண்டு பேராப் போகணும். என் சிநேகிதி வரலேன்னுட்டா. நீ வர்றியா?" என்றாள்.

மூன்று மாதத்துக்குப் பிறகு என் பெண் என்னிடம் பேசிய முழு வாக்கியங்கள் அவை! தண்ணீர் பயம், வயசு, புடவை, சுடிதார் எதுவுமே ஞாபகம் வரவில்லை. "வர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகு ஒரு நிபந்தனை இருப்பது தெரிந்தது. நீச்சல் தெரியவேண்டும். இரண்டு மாதம் நகராட்சி நீச்சல் குளத்தில், ஐந்து வயதுக் குழந்தைகளுக்குப் பக்கத்துப் பாதையில், கை காலை உதறிக் கற்றுக்கொண்டேன். அந்தக் கூத்தை இன்னொரு கட்டுரையாகவே எழுதலாம்.

நம்ம ஊர்ப் பெயர், வேற ஊர்ப் படகு

நாங்கள் ஓட்டுவது 'ஹோபி 16' என்ற இரட்டைப் படகு. ஆங்கிலத்தில் இந்த வகைப் படகுக்கு என்ன பெயர் தெரியுமா? கேட்டமரான்! நம் கட்டுமரம்தான் அங்கே போய்க் கேட்டமரான் ஆகியிருக்கிறது. ஆனால் பெயர்தான் நம்முடையது. நம் கட்டுமரம் மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது. இது இரண்டு மெல்லிய ஓடங்களைக் கொஞ்சம் இடைவெளி விட்டுக் குறுக்குச் சட்டங்களால் இணைத்தது. அந்த அமைப்பு பசிபிக் தீவுக்காரர்களிடமிருந்து வந்தது.

1876ல் அமெரிக்காவில் ஹெரெஷாஃப் என்பவர் இப்படி ஓர் இரட்டைப் படகைக் கட்டி, நியூயார்க்கில் நடந்த போட்டியில் ஒற்றைப் படகுகளை எல்லாம் தோற்கடித்தாராம். பரிசு கொடுத்தார்களா? இல்லை, இந்த மாதிரிப் படகே போட்டிக்கு வரக்கூடாது என்று ஒதுக்கிவிட்டார்கள்! கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்ட்டர் என்பவர்தான், சாதாரணக் குடும்பங்கள் கடற்கரை மணலிலிருந்தே தள்ளிக்கொண்டு போகும்படியான சின்ன இரட்டைப் படகுகளைச் செய்து பிரபலமாக்கினார்.

எங்கள் படகு 5 மீட்டர் நீளம், 145 கிலோ எடை. இரண்டு ஓடங்களுக்கும் நடுவே கயிற்றுக் கட்டில் மாதிரி இழுத்துக் கட்டிய ஒரு துணி மேடை. அதில்தான் உட்கார வேண்டும். பெரிய பாய் ஒன்று, முன்பாய் ஒன்று. பின்னால் இரண்டு சுக்கான்கள், இரண்டையும் சேர்த்துத் திருப்ப ஒரே பிடி. பெரிய பாயின் கயிறும் சுக்கானும் என் கையில். முன்பாய்க் கயிறு என் பெண் கையில். எஞ்சின் கிடையாது, பிரேக் கிடையாது. காற்று ஒன்றுதான்.

எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு 68 வயதுப் பாட்டி. வெயிலில் கறுத்த முகம், வெள்ளை முடி, முழங்காலில் ஓர் ஆபரேஷன் தழும்பு. மோட்டார்ப் படகில் கூடவே வந்து கத்துவார். முதல் நாளே என் கையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். சுக்கான் பிடியை அம்மிக்குழவி மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"இப்படிப் பிடித்தால் படகு என்ன சொல்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்? இரண்டு விரலும் கட்டை விரலும் போதும்" என்றார்.

நம் பாஷையில் சொன்னால், உப்பை விரல் நுனியில் எடுக்கிற மாதிரிப் பிடிக்க வேண்டும். சுக்கானை வெடுக்கென்று திருப்பினால் அது தண்ணீரை உழுது வேகத்தைக் குறைத்துவிடும். ஒற்றைப் படகாவது கனத்தில் கொஞ்ச தூரம் நழுவும். இது இலேசான படகு. வேகம் போனால் நின்றே போய்விடும்.

அவர் சொன்ன இரண்டாவது பாடம்தான் முக்கியமானது. "பயமாக இருந்தால் பெரிய பாயின் கயிற்றை விட்டுவிடு. பாய் காற்றை உதறிவிடும், படகு தணிந்துவிடும். உன் பிரேக் அதுதான்."

கேட்க எவ்வளவு சுலபம்! ஆனால் நாமெல்லாம் எப்படிப் பழகியவர்கள்? பயம் வந்தால் பிடியை இறுக்குவோம். பஸ் குலுங்கினால் கம்பியை, கூட்டத்தில் குழந்தையின் மணிக்கட்டை, கஷ்டம் வந்தால் கழுத்துச் செயினை! பயம் வரும்போது விடு என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லித் தந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை

நம் கரையோர மக்கள் கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் அல்லவா? பெர்த்காரர்களும் ஒரு காற்றுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். 'ஃப்ரீமேண்டில் டாக்டர்'! கோடையில் காலையில் உள்நாட்டிலிருந்து சூடான கீழைக் காற்று வீசும். மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து தென்மேற்குக் காற்று வந்து ஊரைக் குளிர்விக்கும். ஃப்ரீமேண்டில் துறைமுகப் பக்கமிருந்து வந்து ஜுரத்தைத் தணிப்பதால் டாக்டர்.

2023 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த டாக்டர் வழக்கத்தைவிட முன்னதாக வந்துவிட்டார். நாங்கள் நதியின் நடுவில். தண்ணீர் மேல் கறுப்பாக ஒரு திட்டு எங்களை நோக்கி ஓடி வந்தது. காற்று வேகமாக வீசுகிற இடத்தில் தண்ணீர் அப்படித்தான் கறுத்துத் தெரியும். இன்றைக்கு அதைப் பார்த்தால் தயாராகிவிடுவேன். அன்றைக்கு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காற்று பாயில் அறைந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கத்து ஓடம் தண்ணீரை விட்டு எழும்பியது. ஒரு முழம், இரண்டு முழம்.

"அம்மா, கயிற்றை விடு!" என் பெண் கத்தினாள்.

நான் விடவில்லை. விடக்கூடாது என்று நினைக்கவும் இல்லை. கை தானாக இறுகிக்கொண்டது. அவள் இன்னொரு தடவை கத்தினாள். அதற்குள் வானம் சாய்ந்தது. படகு அப்படியே பக்கவாட்டில் விழுந்தது.

தண்ணீரில் விழுந்து மேலே வந்தேன். சட்டைமேல் போட்டிருந்த மிதவை அங்கி என்னைத் தூக்கி நிறுத்தியது. சுற்றிப் பார்த்தேன். பெண்ணைக் காணோம்.

பாய் தண்ணீர் மேல் விரித்த ஜமுக்காளமாகக் கிடந்தது. அதன் அடியில் ஏதோ அசைந்தது. என் பெண் பாய்க்கு அடியில் மாட்டியிருந்தாள்.

எத்தனை நொடி என்று கேட்டால், ஐந்தாறு நொடிதான் என்பாள் அவள். எனக்கு அது அவள் பிறந்த நாளிலிருந்து அன்றுவரை இருந்த காலம் மொத்தமும். கத்தவும் குரல் வரவில்லை. அப்போது பாயின் நடுவில் ஒரு கை மேல்நோக்கி முட்டியது. துணி கூடாரம் மாதிரி எழும்பியது. அந்த மேடு மெதுவாக ஓரம் நோக்கி நகர்ந்து வந்தது. பாயின் விளிம்பிலிருந்து தலை வெளியே வந்தது. இருமினாள். கூந்தலை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, "நான் நல்லாத்தான் இருக்கேம்மா. நீ?" என்றாள்.

பாய்க்கு அடியில் மாட்டிக்கொண்டால் என்ன செய்யவேண்டும் என்று பாட்டி முதல் வாரமே கரையில் வைத்துச் சொல்லித் தந்திருந்தார். கையால் துணியை மேலே முட்டித் தூக்கு, அங்கே மூச்சு விடக் காற்று கிடைக்கும். பிறகு பாயின் தையலைத் தடவிக்கொண்டே ஒரே திசையில் நகர்ந்தால் விளிம்பு வந்துவிடும். என் பெண் கவனமாகக் கேட்டிருந்தாள். அதை அப்படியே செய்தாள். குனிந்து பார்த்தேன். என் வலது கையில் அந்தக் கயிறு அப்போதும் இருந்தது.

இந்தப் படகை நிமிர்த்த 130 கிலோவுக்கு மேல் எடை வேண்டும் என்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து 112 கிலோ. பாய்மர உச்சியில் மிதவை கட்டியிருந்ததால் படகு தலைகீழாகக் கவிழாமல் பக்கவாட்டிலேயே கிடந்தது. படகை விட்டு நீந்திப் போகக்கூடாது என்பது முதல் விதி. ஓடத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். பாட்டி மோட்டார்ப் படகில் வந்து, பாய்மர உச்சியைத் தூக்கிவிட்டு நிமிர்த்தித் தந்தார்.

வீட்டுக்கு வந்து, "இனிமே இந்த வேலையே வேண்டாம். நீயும் போகக்கூடாது" என்று சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுபடியும் "ம்."

நிறுத்தக் கற்றுக்கொண்டேன்

ஐந்து வாரம் போனது. ஒருநாள் ராத்திரி என் கணவர் மெதுவாகச் சொன்னார். "இதோ பாரு, அவ தப்பிச்சதுக்குக் காரணம் அவ கத்துக்கிட்டது. படகு கவிழ்ந்ததுக்குக் காரணம் நீ கத்துக்காதது. இதுல யாரு படிப்பை நிறுத்தணும்?"

கோபம் வந்தது. ஆனால் தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் பாட்டியிடம் போய் நின்றேன். "எனக்கு வேகமாகப் போகத் தெரிய வேண்டாம். நிறுத்தத் தெரிய வேண்டும்" என்றேன்.

"எல்லோரும் வேகமாகப் போகத்தான் கேட்பார்கள். நீ சரியான இடத்தில் ஆரம்பிக்கிறாய்" என்றார் அவர்.

அதன்பின் பாட்டி கொடுத்த பயிற்சிகளைச் சொல்கிறேன். படகு வேண்டாதவர்களும் படிக்கலாம், தப்பில்லை.

முதல் பயிற்சி, கயிற்றை விடுவது. கயிறு ஒரு பல் போன்ற பிடிப்பில் மாட்டிக்கொள்ளும். மேல்நோக்கி ஒரு வெட்டு வெட்டினால் விட்டுவிடும். பழகும் வரை அந்தப் பல்லில் மாட்டவே கூடாது என்று உத்தரவு. இளங்காற்றில் ஓட்டிக்கொண்டே இருப்போம். என் பெண் திடீரென்று "விடு!" என்பாள். நான் விடவேண்டும். முதல் நாள் 40 தடவை. தோசை திருப்புகிற மாதிரி, யோசிக்காமல் கை செய்கிற வரைக்கும்.

இரண்டாவது, படகை நிறுத்தி வைப்பது. பெரிய பாயைத் தளர்த்திவிட்டு, முன்பாயை மாற்றுப் பக்கமாக இழுத்துக் கட்டி, சுக்கான் பிடியைக் காற்று போகிற பக்கமாகத் தள்ளி வைத்தால், படகு கட்டிப் போட்ட பசு மாதிரி சாதுவாக நின்றுவிடும். ஒரு மிதவையைப் போட்டு, அதன் பக்கத்தில் ஒரு நிமிஷம் நிற்கச் சொல்வார். பிறகு கிளம்பவேண்டும். அதிலும் வரிசை இருக்கிறது. முதலில் முன்பாயை இழுத்து மூக்கைக் காற்றிலிருந்து விலக்கவேண்டும், பிறகுதான் பெரிய பாய். மாற்றிச் செய்தால் படகு காற்றையே பார்த்துத் திரும்பிக்கொண்டு அசையமாட்டேன் என்று அடம் பிடிக்கும்.

மூன்றாவது, திரும்புவது. காற்று வரும் திசைக்கு நேராக எந்தப் பாய்மரப் படகும் போகமுடியாது. மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்துதான் ஏறவேண்டும். ஒவ்வொரு வளைவிலும் மூக்கு காற்றைக் குறுக்கே கடக்கவேண்டும். இரட்டைப் படகுக்கு அங்கேதான் சோதனை. நல்ல வேகத்தில் ஆரம்பித்து, சுக்கானை நிதானமாகத் தள்ளி, மூக்கு காற்றைத் தாண்டும் வரை முன்பாயை அந்தப் பழைய பக்கத்திலேயே வைத்திருக்கவேண்டும். காற்று அதில் மோதி மூக்கைத் தள்ளிவிடும். தாண்டுகிற நேரத்தில் நான் பெரிய பாயைக் கொஞ்சம் தளர்த்தவேண்டும். அப்புறம்தான் அவள் முன்பாயை மாற்றவேண்டும். அவள் அவசரப்பட்டால் நடுவிலேயே நின்றுவிடுவோம். நான் இறுக்கிப் பிடித்தாலும் நின்றுவிடுவோம்.

அப்படி நடுவில் நின்றுவிட்டால் அழவேண்டாம். பின்னோக்கி நகர்த்தி வெளியே வரலாம். பின்னால் போகும்போது சுக்கான் நேர்மாறாக வேலை செய்யும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

நான்காவது, உட்காருகிற இடம். இலேசான காற்றில் முன்னே நகர வேண்டும். பலத்த காற்றில், முக்கியமாகக் காற்றோடு சேர்ந்து போகும்போது, பின்னே நகர வேண்டும். இல்லாவிட்டால் ஓடத்தின் மூக்கு தண்ணீருக்குள் குத்திக் குட்டிக்கரணம் போடும். இரண்டு பேர் உடம்பும்தான் தராசுத் தட்டு.

இதிலெல்லாம் இன்னொரு லாபமும் கிடைத்தது. பேசாமல் இந்தப் படகை ஓட்டவே முடியாது! "ரெடியா?" "ரெடி." "திருப்பறேன்." "காத்து வருதும்மா, கறுப்பா." "பார்த்துட்டேன்." வீட்டில் வாய் திறக்காத பெண் அங்கே வாய் ஓயாமல் பேசினாள். கரைக்கு வந்து பாயைச் சுருட்டும்போது படகுப் பேச்சு மெல்ல வேறு பேச்சாகும். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இருந்த ஒரு சங்கடத்தை, மணல் ஒட்டிய காலோடு, என் முகத்தைப் பார்க்காமல், கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதற்குள் எனக்குக் கொஞ்சம் பழகியிருந்தது.

முதல் போட்டி

2024 பிப்ரவரியில் பாட்டி எங்களைச் சனிக்கிழமைப் போட்டியில் சேர்த்துவிட்டார். மொத்தம் 12 படகுகள். "ஜெயிக்கப் போகாதே. யார் மேலும் இடிக்காமல், முழுச் சுற்றும் முடித்து வா. அதுதான் முதல் போட்டி" என்றார்.

சாலை விதி மாதிரி இதற்கும் விதிகள் உண்டு. முக்கியமானவை சில: வலப்பக்கமிருந்து காற்று வாங்கிப் போகும் படகுக்கு, இடப்பக்கமிருந்து வாங்குகிற படகு வழிவிட வேண்டும். ஒரே பக்கக் காற்றில் இரண்டு படகு போனால், காற்றுக்கு மேல் பக்கமாக இருப்பது ஒதுங்கவேண்டும். தப்புச் செய்தால் நாமே இரண்டு சுற்றுச் சுற்றித் தண்டனை அனுபவிக்கவேண்டும். பார்க்க யாரும் இல்லாவிட்டாலும்! இந்த விதி எனக்கு ரொம்பப் பிடித்தது.

கிளம்புவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் ஒரு கொடியும் சத்தமும். நான்கு நிமிஷத்தில் இன்னொன்று. ஒரு நிமிஷத்தில் ஒன்று. பிறகு புறப்பாடு. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டுக்குப் பின்னால் 12 படகும் முட்டிமோதிக்கொண்டு நிற்கும். நின்று, சரியான நொடியில் கிளம்பத் தெரிந்தவர்தான் முன்னே போவார்கள். நான் நிறுத்தக் கற்றுக்கொண்டது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நாங்கள் பின்வரிசையில், கூட்டம் இல்லாத ஓரத்தில், பசு மாதிரி நின்று நிதானமாகக் கிளம்பினோம்.

மேல் மிதவையைச் சுற்றிவிட்டுக் கீழே வரும்போது தண்ணீரில் கறுப்புத் திட்டைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். இரண்டு பேரும் பின்னே நகர்ந்தோம். காற்று அறைந்தது. ஓடம் எழும்பியது. ஒரு முழம்.

என் கை திறந்தது. கயிறு உள்ளங்கையை உரசிக்கொண்டு ஓடியது. பாய் படபடவென்று உதறியது. ஓடம் மெத்தென்று தண்ணீரில் இறங்கியது. அவள் கத்தவே இல்லை. கத்த அவசியம் இருக்கவில்லை.

"சூப்பரா விட்டேம்மா!" என்றாள்.

அன்றைக்கு நாங்கள் 12ஆவது இடம். அதாவது கடைசி! ஆனால் பாட்டி கரையில் நின்று கை தட்டினார்.

ஆசைப்படும் சகோதரிகளுக்கு

படகு இல்லாவிட்டாலும் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். எந்த வயதிலும் வரும். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, தோள்வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். மிதவை அங்கி உடம்போடு பொருந்தியிருக்கட்டும். தோளைப் பிடித்து மேலே இழுத்தால் காதுவரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. முழுக்கைச் சட்டை, தொப்பி, வெயில் களிம்பு, கையுறை, குடிக்கத் தண்ணீர். புடவை, துப்பட்டா, தொங்கும் சங்கிலி வேண்டாம், கயிற்றில் மாட்டும். பாய்மரத்தை நிமிர்த்தியபடி படகைக் கரையில் நகர்த்தும்போது மேலே மின்கம்பி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தனியாகப் போகாதீர்கள்; கூடவே உதவிப் படகு இருக்கிற இடத்தில் மட்டும் பழகுங்கள்.

நம் ஊரில் எங்கே என்கிறீர்களா? சென்னையில் 1911லேயே ராயல் மெட்ராஸ் யாட்ச் கிளப் ஆரம்பித்துவிட்டார்கள். சென்னைப் பெண் நேத்ரா குமணன், 2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலேயே பாய்மரப் படகு ஓட்டிவிட்டார். பாய்மரப் படகில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான்.

வயசாகிவிட்டதே என்று நினைத்தால், அர்ஜென்டினாவின் சாண்டியாகோ லாங்கேயை நினைத்துக்கொள்ளுங்கள். 2015ல் புற்றுநோய்க்காக அவருடைய நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். 2016ல் ரியோ ஒலிம்பிக்கில், 54ஆவது வயதில், செசிலியா கரான்சா என்ற பெண்ணோடு சேர்ந்து இரட்டைப் படகுப் போட்டியில் தங்கம் வாங்கினார். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்தே ஓட்டவேண்டிய போட்டி அது.

என் சர்க்கரை எல்லைக்கோட்டிலிருந்து கொஞ்சம் இந்தப் பக்கம் வந்திருக்கிறது. படகு மட்டும் காரணம் என்று சொல்லமாட்டேன். வாரம் மூன்று நாள் நீச்சல், ராத்திரி சோற்றைக் குறைத்தது எல்லாம் சேர்ந்துதான். மாடிப்படியில் மூச்சு வாங்குவதில்லை.

பொங்கல் முடிந்து பெர்த் திரும்பியதும், 2025 பிப்ரவரியில், என் பெண் மெல்பர்னுக்குப் படிக்கப் போனாள். விமான நிலையத்தில் அவளைக் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டே நின்றேன். அறிவிப்பு வந்தது. அவள் என் காதில் மெதுவாக, "அம்மா, கயிறு" என்றாள்.

சிரித்துக்கொண்டே விட்டேன். கண் நிறைந்திருந்தது, ஆனால் கை திறந்துவிட்டது. இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை அவளாகவே போன் பண்ணுகிறாள்.

முன்பாய்க் கயிற்றை இப்போது யார் பிடிக்கிறார் தெரியுமா? என் கணவர்தான்! நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் 140 கிலோ. கவிழ்ந்தாலும் நாங்களே நிமிர்த்திக்கொள்வோம். ஆனால் மனுஷர் கயிற்றை உடும்புப் பிடியாகப் பிடிக்கிறார். "விடுங்க, விடுங்க" என்று தொண்டை கிழியக் கத்தவேண்டியிருக்கிறது. முதல் நாள் 40 தடவை சொல்லியிருக்கிறேன். பழகிவிடுவார்.